சாமிக்கும் ஆகாத பூவுக்கு எதுக்குத் தண்ணி?



போன வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா வந்திருந்தாரு. வரப்போரம் சிவப்பும் நீலமுமா நிக்கிற சால்வியாவைப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, இது சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. கெணத்துல தண்ணி இருக்கிற லட்சணத்துல இதுக்கு ஊத்தோணுமா?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். பதிலை இங்கயே எழுதிடறேன்.

சால்வியா நம்ம துளசி, தும்பைக்குச் சொந்தக்காரச் செடி. தண்டைத் தொட்டுப் பாருங்க, அதே மாதிரி நாலு பட்டையா இருக்கும். சிவப்புக்குப் பூர்வீகம் பிரேசில், நீலத்துக்கு மெக்சிகோ பக்கம். சிவப்புக்குத் தேன்சிட்டு வரும், நீலத்துக்குத் தேனீ வரும்.

பூத்த தொட்டியா வாங்காதீங்க. நான் வாங்கினது ரெண்டே வாரத்துல காஞ்சு போச்சு. புரட்டாசியில விதை போடுங்க. விதையைப் புதைக்காம மேலாகத் தூவி லேசா அழுத்தினாப் போதும், முளைக்க வெளிச்சம் வேணும். ரெண்டு வாரத்துல முளைச்சிரும். நாலு ஜோடி இலை வந்ததும் கொழுந்தைக் கிள்ளிட்டு, ஒரு அடி இடைவெளியில நடுங்க. யூரியாவை அள்ளிப் போட்டா இலைதான் மிஞ்சும். தண்ணி தேங்கினா வேர் அழுகிரும். சிவப்புல பூ உதிர்ந்த பிறகும் அடிப்புல்லி சிவப்பாவே நிக்கும், நாம ஏமாந்திருவோம். உள்ளிருந்து நீட்டுற குழல் உதிர்ந்திருந்தா அந்தக் கதிரை வெட்டி விடுங்க, மறுபடியும் பூக்கும்.

இருபது செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ரெண்டு குடம் தண்ணி. அரிசி, காய் கழுவின தண்ணியே அதுல பாதிக்கு ஆயிரும்.

சரி, அது எனக்கு என்ன குடுத்துச்சு? ரெண்டு வருசம் முன்னாடி காலையில எட்டு மணிக்குக் கத்தரிக்கு மருந்தடிச்சேன். மதியம் பார்த்தா நீல சால்வியா அடியில பத்துப் பன்னெண்டு தேனீ சுருண்டு கிடக்குது. இருபது வருசமா மருந்தடிக்கிறவன், செத்த தேனீயை அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன். காட்டுக்குள்ள சருகோட சருகா விழுந்தா எங்க தெரியுது?

அந்த வருசம் அரசாணிக் கொடியில பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துச்சு. உரம் பத்தலைன்னு நினைச்சு மறுபடியும் காசைப் போட்டேன். அரசாணிக்கு ஆண் பூ வேற, பெண் பூ வேற. மகரந்தத்தைச் சுமந்துட்டுப் போகத் தேனீ இல்லாட்டி எந்த உரமும் காயாகாது. காரணம் அதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அன்னையிலிருந்து பூக்கிற காலத்துல பகல்ல மருந்தைத் தொடறதில்லை. தேவைப்பட்டா, தேனீ கூட்டுக்குத் திரும்பினதுக்கப்புறம் பொழுது சாய வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும்.

அதனாலதான் சொல்றேன், பூச்செடி வீட்டு வாசலுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. வரப்போரமும் நாலு வைங்க. காலையில மம்பட்டியோட போகும்போது ஒரு நிமிசம் நின்னு, தேனீ வருதான்னு பாருங்க. வரலைன்னா காட்டுக்குள்ள என்னமோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம்.

கெணறு வத்தினா மொதல்ல காயப்போறது அந்தச் சால்வியாதான் பெரியப்பா, ஒத்துக்கிறேன். தண்ணி இருக்கிற வரைக்கும் ரெண்டு குடம் அதுக்குத்தான்.