கேரவன் இழுக்க லைசென்ஸ் இருக்கு, பழக்கம் இருக்கா?

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. பிரிட்டன்ல இருக்கற நம்ம ஆட்கள்ல, "அடுத்த சம்மருக்கு ஒரு சின்ன கேரவன் வாங்கிடலாமா"ன்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்காக எழுதறேன். மத்தவங்களும் படிக்கலாம், நடுவுல ஒரு மருத்துவ விஷயம் இருக்கு. அது டென்ட் போட்டு தூங்கற எல்லாருக்கும் பொருந்தும்.

கேரவன்னு சொன்னதும் ஊர்ல இருக்கறவங்களுக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உட்கார்ந்திருக்கற பஸ் ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்லை. கார் பின்னாடி கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போற சின்ன ரூம். ரெண்டு சக்கரம், ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, நின்னுட்டே திரும்பக்கூட முடியாத ஒரு பாத்ரூம். நாங்க வாங்கி ஒரு சம்மர் ஓட்டியாச்சு.

முதல்ல சட்டம். 1997 ஜனவரி 1-க்கு அப்புறம் கார் லைசென்ஸ் எடுத்தவங்க, ஓரளவு பெரிய ட்ரெய்லர் இழுக்கணும்னா முன்னாடி தனி டெஸ்ட் எழுதணும். 2021 டிசம்பர் 16-ல இருந்து அது கிடையாது. சாதாரண கார் லைசென்ஸ் வச்சே 3,500 கிலோ வரைக்கும் இழுக்கலாம். ஏன் எடுத்தாங்க தெரியுமா? அப்போ லாரி டிரைவர் தட்டுப்பாடு. டெஸ்ட் எடுக்கற அதிகாரிகளோட நேரத்தை லாரி டெஸ்ட்டுக்குத் திருப்பி விடணும். ட்ரெய்லர் இழுக்கறது திடீர்னு சுலபமாகிடுச்சுன்னு யாரும் கண்டுபிடிக்கலை. பயிற்சி எடுத்துக்கோங்கன்னு அரசாங்கமே சொல்லுது, ஆனா கட்டாயம் இல்லை.

டாக்டர் தட்டுப்பாடுன்னு ஃபைனல் இயர் பரீட்சையை எடுத்துட்டா நீங்க ஒத்துப்பீங்களா? "சட்டப்படி தகுதி இருக்கு"ன்னு ஒருத்தர் கத்தியோட வந்து நின்னா, இதுக்கு முன்னாடி எத்தனை பண்ணியிருக்கீங்கன்னு கேட்பீங்கதானே. என் கட்சி இதுதான்: டெஸ்ட் இல்லைன்னாலும் காசு கொடுத்து ஒரு நாள் பயிற்சி எடுங்க. வண்டி வாங்கினதுக்கு அப்புறம் இல்லை, வாங்கறதுக்கு முன்னாடி. நாங்க அப்படித்தான் எடுத்தோம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே எடுக்கணும். ஒருத்தருக்கு வழியில முடியலைன்னா இன்னொருத்தர் ஓட்டணும் இல்லையா?

அந்த ஒரு நாள்ல கத்துக்கிட்டதுல பாதி ரிவர்ஸ். ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிச்சா கேரவன் வலது பக்கம் போகும். மூளை ஒத்துக்காது. அதுக்கு ஒரு குறுக்கு வழி சொல்லித் தந்தாங்க: ஸ்டீயரிங்கோட அடிப்பாகத்தைப் பிடிங்க, கேரவன் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்க. அவ்வளவுதான். காலி மைதானத்துல இருபது தடவை பண்ணினா கை பழகிடும். கேம்ப்சைட்ல இருபது குடும்பம் டீ குடிச்சிட்டே வேடிக்கை பார்க்கும்போது பழக முடியாது.

ஆனா ரிவர்ஸ்ல போனா போறது மானம்தான். உயிருக்கு ஆபத்து முன்னாடி போகும்போது.

பாரத்தைப் பத்திச் சொல்றேன், கவனமா படிங்க. புதுசா இழுக்கறவங்களுக்கு இங்க சொல்ற கணக்கு, முழு லோடோட இருக்கற கேரவன் எடை காரோட எடையில 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கார் 1,400 கிலோன்னா கேரவன் 1,190 கிலோ. இது சட்டம் இல்லை, அறிவுரை. ஆனா கார் தயாரிச்ச கம்பெனி போட்டிருக்கற இழுவை வரம்பு அப்படி இல்லை, அதைத் தாண்டவே கூடாது.

எங்க வண்டியில அதிகபட்சம் 1,000 கிலோ. காலியா இருக்கும்போதே 850. மிச்சம் 150 கிலோதானே இருக்கு, அதுக்குள்ள பேட்டரி, அவ்னிங், நாற்காலி, துணிமணி எல்லாம் அடங்கணும். இப்போ நம்ம வீட்டு பேக்கிங்கை நினைச்சுப் பாருங்க. பத்து கிலோ அரிசி, குக்கர் ரெண்டு, இட்லிப் பானை, ஒரு கேன் மாவு, "எதுக்கும் இருக்கட்டும்"னு கடைசி நிமிஷத்துல ஏறற மூணு பை. நான் ஒவ்வொண்ணையும் பாத்ரூம் தராசுல வச்சு எழுதினேன். வீட்ல சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

எவ்வளவுங்கறதை விட எங்க வைக்கறீங்கங்கறது முக்கியம். கனமான சாமான் சக்கரத்துக்கு நேர் மேல, தரையை ஒட்டி இருக்கணும். கொக்கி மேல இறங்கற எடை, அதாவது நோஸ்வெயிட், கேரவன் எடையில 5-ல இருந்து 7 சதவீதம். 1,000 கிலோவுக்கு 50-ல இருந்து 70 கிலோ. பின்பக்கம் கட்டிலுக்கு அடியில இடம் காலியா இருக்கேன்னு எல்லாத்தையும் அங்க அடைச்சா முன்பக்கம் லேசாகிடும். அப்புறம் வேகம் கூடும்போது கேரவன் பாம்பு மாதிரி வால் ஆட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் பெருசாகி, காரையும் சேர்த்துப் புரட்டிப் போட்டுடும்.

ஆட ஆரம்பிச்சா என்ன செய்யணும்? ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சிக்கோங்க. திரும்பற பக்கத்துக்கு எதிரா ஒடிச்சு சரி பண்ணப் பார்க்காதீங்க, நீங்க ஒடிக்கறதுக்குள்ள அது அடுத்த பக்கம் போயிருக்கும். பிரேக்கை மிதிக்காதீங்க. கால் தானா பிரேக்குக்குத்தான் போகும். அதனாலதான் முன்கூட்டியே மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கணும்னு சொல்றேன். கார்டியாக் அரெஸ்ட்டுக்கு நாங்க பொம்மையை வச்சு திரும்பத் திரும்பப் பழகறதும் இதுக்குத்தான்.

எங்க முதல் பயணம் எம் 62 வழியா யார்க்ஷயர் கடற்கரைக்கு. இங்கிலாந்துலயே உயரமான மோட்டார்வே அது, மேல ஏறினதும் காத்து அடிக்கும். பெரிய லாரி ஒண்ணு நம்மளைத் தாண்டும்போது முதல்ல கேரவனைத் தள்ளும், அப்புறம் உறிஞ்சும். சும்மா ஓட்டும்போது கவனிச்சிருக்கவே மாட்டோம். கேரவனோட மோட்டார்வேல 60 மைல்தான் வரம்பு, ஒற்றைச் சாலையில 50. மூணு லேன் இருந்தா வலது ஓரத்து லேனுக்குப் போகவே கூடாது. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிக்கட்டும்.

ஸ்கார்பரோ பக்கம் போறவங்க ஒண்ணு கவனிங்க. ஏ 170-ல சட்டன் பேங்க்னு ஒரு ஏத்தம், 25 சதவீதச் சரிவு, கூடவே கொண்டை ஊசி வளைவு. கேரவனுக்கு அங்க தடை. கேரவன் இழுக்கறோம்னு சொல்லாத சாட்நேவ் உங்களைச் சமர்த்தா அங்கேயே கூட்டிட்டுப் போகும். வரைபடத்தை ராத்திரியே பாருங்க.

ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருந்தா, "கட்டில்தான் இருக்கே, அம்மா உள்ள படுத்துட்டே வரட்டுமே"ன்னு யாராவது சொல்லுவாங்க. கூடாது. ஓடற கேரவன்ல யாரும் இருக்கக் கூடாது.

டயர்ல பட்டன் தேயலைன்னு ஏமாறாதீங்க. கேரவன் டயர் ஓடித் தேயறது இல்லை, நின்னே கெட்டுப் போகும். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும்: 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம். அஞ்சு வருஷத்துல மாத்தறது நல்லது, ஏழைத் தாண்டவே கூடாது. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போனா சோபா கலரைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

இப்போ நான் சொன்ன மருத்துவ விஷயம். கார்பன் மோனாக்சைடு.

சாயங்காலம் கரி அடுப்புல கோழி சுட்டாச்சு. தீ அணைஞ்சிடுச்சு, கரி மட்டும் கதகதன்னு இருக்கு. வெளிய குளிர். "உள்ள வச்சா கொஞ்சம் சூடா இருக்கும்"னு அவ்னிங்குக்குள்ளயோ கேரவனுக்குள்ளயோ தூக்கி வச்சிட்டுப் படுத்தவங்க எழுந்திருக்காத கதை இந்த நாட்டுல நடந்திருக்கு. தணல் ஆறும்போதும் அந்த வாயு வந்துட்டேதான் இருக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ஹீமோகுளோபினோட ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும்.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி. ஃபுட் பாய்சன்னு நினைப்பீங்க. காய்ச்சல் இல்லாம, எல்லாருக்கும் ஒரே நேரத்துல, வெளிய போனா குறைஞ்சு, உள்ள வந்தா திரும்பினா அது சாப்பாடு இல்லை. கோவிட் காலத்துல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரல்ல மாட்டி "98 காட்டுது டாக்டர்"னு நிம்மதியாகிடாதீங்க. சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜன் ஒட்டின ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஒட்டினதுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லாரையும் உடனே வெளிய கூட்டிட்டு வந்து 999 கூப்பிடுங்க.

அதனால கரி அடுப்பு உள்ள வரவே கூடாது, அணைஞ்சிருந்தாலும். கேஸ் அடுப்பைப் பத்த வச்சு குளிர் காயக் கூடாது. தரையில இருக்கற காத்தோட்ட ஓட்டையைக் குளிருதுன்னு துண்டு வச்சு அடைக்கக் கூடாது. அலாரம் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஈ.என். 50291-2-ன்னு போட்டிருக்கணும். கேரவனுக்கும் படகுக்கும் ஆனது அது.

நைட் ட்யூட்டி பார்க்கற நர்ஸ், டாக்டர் மக்களுக்குத் தனியா ஒரு வரி. ட்யூட்டி முடிச்ச கையோட கேரவனை மாட்டிட்டுக் கிளம்பாதீங்க. ஒரு நாள் வாடகை வீணாப் போனாலும் தூங்கிட்டுக் கிளம்புங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 15 நிமிஷம் நிறுத்துங்க.

காசு மிச்சமாகுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஆகாது. இன்சூரன்ஸ், சர்வீஸ், நிறுத்த இடம், எல்லாம் கூட்டினா ஹோட்டல்லயே தங்கியிருக்கலாம். ஆனா விட்பி பக்கத்துல காலையில கதவைத் திறந்தா கடல், கையில ஃபில்டர் காபி, குழந்தைங்க பாதி தூக்கத்துல பக்கத்துல வந்து உட்காரறாங்க. அதுக்குத்தான் அந்தக் காசு.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க. இந்த வாரம் எனக்கு நைட்ஸ், பதில் லேட்டாத்தான் வரும்.