குப்புறக் கிடத்தலும் ஒரு சிகிச்சையே

நம் நண்பர் ஒருவருடைய தமையனார் கடுமையான நிமோனியா ஜுரத்தினால் ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பகுதியில், செயற்கைச் சுவாச யந்திரத்தின் உதவியால் உயிர் தரித்திருந்தார். ஒரு நாள் காலை கண்ணாடிக் கதவின் வழியே எட்டிப் பார்த்த நண்பர் பதறிக்கொண்டு நம்மிடம் வந்தார். "அண்ணாவைக் குப்புறப் போட்டுவிட்டார்கள், ஸார்! கை விட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?" என்றார்.

முகம் தெரியாதபடி கிடக்கும் உடன்பிறந்தானைக் கண்டால் எவருக்கும் நெஞ்சு துணுக்குறவே செய்யும். ஆனால் உண்மை நேர்மாறானது. கை விடாததனால்தான் அவரைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

நல்ல நிலையிலுள்ள நுரையீரல் உலர்ந்த பஞ்சைப் போல் லேசானது. நோய் முற்றி நீர் கோத்துக்கொண்டால், அது நனைந்த பஞ்சைப் போல் கனத்துவிடும். நோயாளி மல்லாந்து படுத்திருக்கையில் அந்தக் கனமும், இருதயத்தின் பாரமும், வயிற்றின் அழுத்தமும் முதுகுப் பக்கத்து நுரையீரலை நசுக்குகின்றன. அங்குள்ள காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. ரத்தமோ அப்பகுதிக்கு மிகுதியாகச் சென்று, பிராணவாயு பெறாமலே திரும்புகிறது. யந்திரம் செலுத்தும் காற்று முழுவதும், திறந்திருக்கும் சிறு பகுதியிலேயே புகுந்து அதை அளவுக்கு மீறி விரித்துப் புண்படுத்துகிறது.

குப்புறத் திருப்பினால் இருதயத்தின் பாரம் மார்பெலும்பின் மேல் தங்குகிறது. முதுகுப் பக்கத்து அறைகள் திறக்கின்றன. காற்று எங்கும் சீராகப் பரவுகிறது. ரத்தம் முன்போலவே முதுகுப் பக்கம் செல்வதால், காற்றும் ரத்தமும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

இவ்வளவு எளிய உண்மை நிலைபெற நெடுங்காலம் சென்றது. அமெரிக்காவில் பீல், பிரவுன் என்ற இருவர் 1976-இல் ஐந்து நோயாளிகளைக் குப்புறக் கிடத்தி, ரத்தத்தில் பிராணவாயு உயர்வதைக் கண்டார்கள். 2001-இல் இத்தாலியில் காட்டினோனி என்பவரும் அவருடைய சகாக்களும் பலரிடம் பரீட்சித்தபோது பிராணவாயு உயர்ந்தது, மரணம் குறையவில்லை. முறையே வீண் என்று பலர் கருதினர். ஆனால் அதில் நோயாளிகள் நாளொன்றுக்குச் சுமார் ஏழு மணி நேரமே அவ்வாறு கிடத்தப்பட்டார்கள்.

பிரான்ஸ் தேசத்து கெரான் என்பவர் தலைமையில் 2013-இல் வெளியான ஆராய்ச்சி இந்த ஐயத்தைப் போக்கிற்று. நோய் மிகக் கடுமையாயிருந்த 466 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரம்பத்திலேயே, ஒவ்வொரு தடவையும் 16 மணி நேரத்துக்குக் குறையாமல் குப்புறக் கிடத்தினார்கள். 28 நாட்களுக்குள், மல்லாந்து கிடந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 33 பேர் இறந்தனர். குப்புறக் கிடந்தவர்களில் 16 பேரே இறந்தனர். 2020-இல் கொரோனா நோய் பரவியபோது உலகெங்கும் ஆஸ்பத்திரிகள் இம்முறையைக் கைக்கொண்டன.

இதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டாம். பழகிய கைகள் வேண்டும். ஒருவர் தலையையும் சுவாசக் குழாயையும் பிடித்துக்கொள்ள, இரு புறமும் மற்றவர்கள் நின்று ஏககாலத்தில் திருப்ப வேண்டும். குழாய் நழுவினால் உயிருக்கே ஆபத்து. முகத்திலும் மார்பிலும் அழுத்தப் புண் உண்டாகாமலும், கண்கள் கெடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு முறிந்து நிலைகொள்ளாதவர்களுக்கு இது ஆகாது. இதைக் கேட்டுவிட்டு வீட்டில் கைக்குழந்தையைக் குப்புறத் தூங்க வைப்பதும் பெருந்தவறு. குழந்தை மல்லாந்து உறங்குவதே பத்திரம்.

நண்பரின் தமையனார் பிழைத்து வீடு திரும்பினார். அதனாலேயே இம்முறைக்குப் பெருமை சேர்க்க மாட்டோம். ஒருவர் பிழைத்தது நிரூபணமாகாது. நாம் வேண்டுவது ஒன்றுதான். நோயாளியைத் திருப்புமுன் வெளியே காத்திருக்கும் குடும்பத்தாரிடம் டாக்டர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். குடும்பத்தாரும் தயங்காமல் காரணம் கேட்கட்டும். அந்த ஒரு வார்த்தை கிடைத்திருந்தால், நண்பர் அன்று காலை அவ்வளவு துன்பம் அநுபவித்திருக்க மாட்டார்.