முதியோர்க்குக் கணக்கு

முதியோர் கல்வி என்றவுடனே எழுத்தைப் பற்றி மட்டும் பேசுவது நம்மவர்க்கு வழக்கமாகி விட்டது. ஒருவர் தம் பெயரை எழுதக் கற்றுக்கொண்டால் கைநாட்டு ஒழிந்ததென்று மகிழ்கிறோம். ஆனால், தாம் கையெழுத்திடும் பத்திரத்தில் கண்ட வட்டி எவ்வளவு என்று கணிக்கத் தெரியாதவருடைய கையெழுத்துக்கும் கைநாட்டுக்கும் அதிக பேதம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இதைச் செட்டிநாட்டுச் சீமையில் வைத்துப் பேசுவது பொருத்தமேயாகும். சிவகங்கை ஜில்லாவிலுள்ள கீழச்சிவல்பட்டி போன்ற ஊர்களுக்குக் கணக்கு புதிய வித்தை அன்று. பேரேடும் குறிப்பேடும் ஐந்தொகையும் இங்கே வீட்டுப் பொருள்கள்போல் புழங்கியவை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற பெட்டியடிப் பையன்கள் வட்டிக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள். திண்ணைப் பள்ளியின் எண்சுவடி, 320-ல் ஒரு பங்காகிய முந்திரி வரையில் பின்னத்தைப் பயிற்றிற்று. எனினும் அந்த வித்தை சில தெருக்களோடு நின்று விட்டது. வயலில் நாற்று நட்டவர்களும், மாளிகைகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களும் பேரேட்டில் பெயராக இருந்தார்களேயன்றி அதைப் படிப்பவர்களாக இருக்கவில்லை.

1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தோன்றியபோது, முதியோர்க்கு எவ்வளவு கணக்கு வேண்டுமென்று ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. 1 முதல் 100 வரை எண்கள், எளிய கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல், அளவைகள், வட்டியைப் பற்றிய பொது அறிவு ஆகியவை அதில் உண்டு. ஆனால், பின்னம் வேண்டியதில்லை என்றும் அதிலேயே எழுதி விட்டார்கள்! அரைக்கால் படியும் முக்கால் பவுனும் கால் ஏக்கரும் தினந்தோறும் வாயில் புழங்கும் ஜனங்களுக்குப் பின்னம் கடினம் என்று தீர்மானித்தவர்கள் எந்தச் சந்தையில் காய்கறி வாங்கினார்களோ, நாம் அறியோம். அண்டை ஜில்லாவான புதுக்கோட்டையில் 1991-ல் எழுந்த அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. வாழ்க்கைக்கு வேண்டியதைப் பாடமாக்கினால் வயது தடையாகாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கணக்கையும் அவ்வாறே கற்பிக்கலாம். பிரேஸில் தேசத்து ரெஸீபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களை ஆராய்ந்து 1985-ல் வெளியான ஆராய்ச்சியொன்று இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய் என்ன விலை என்று கேட்டதற்கு, 12 வயதுப் பையனொருவன் மூன்று தேங்காய்க்கு 105, இன்னும் மூன்றுக்கு 105, மேலும் மூன்றுக்கு 105, மீதி ஒன்றுக்கு 35 என்று கூட்டி 350 என்றான். கடைத்தெருவில் நூற்றுக்கு 98 விடைகளைச் சரியாகச் சொன்ன அதே சிறுவர்கள், காகிதத்தில் வெறுங்கணக்காக நீட்டியபோது 37-ஐத்தான் சரியாகச் செய்தார்கள். அறிவு குறைந்துவிடவில்லை, கேட்ட விதம் மாறிற்று. ஆகையால், முதியோர் வகுப்பில் ஆசிரியரின் முதல் கேள்வி, "அம்மா, இதை எப்படிக் கணித்தீர்கள்?" என்பதாக இருக்க வேண்டும். ஒருவர் வழியை மற்றவர் கேட்டுத் தர்க்கித்தால் பாதிப் பாடம் முடிந்தது.

தண்டலையே எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க் கடனில் 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 கொடுக்கிறார்கள். தினம் 100 வீதம் 100 நாளில் அடைக்க வேண்டும். "நூற்றுக்குப் பத்துத்தானே" என்பது கொடுப்பவர் பேச்சு. வகுப்பிலுள்ள பெண்களைக் கேளுங்கள்: முதல் நாள் கையில் 9,000, ஐம்பதாம் நாள் எவ்வளவு நம்மிடம் இருந்தது? கடைசி நாள் எவ்வளவு? சராசரியாகப் பார்த்தால் சுமார் 4,500 ரூபாயைத்தான் 100 நாள் அநுபவித்திருக்கிறோம். அதற்குக் கொடுத்த வட்டி 1,000. ஆண்டுக் கணக்கில் இது நூற்றுக்கு 75-க்கு மேல் போய் நிற்கும். இந்த உண்மையைப் பிறர் சொல்லக் கேட்பது வேறு. தாமே பேசிக் கண்டுபிடிப்பது வேறு.

இங்கேதான் கைத்தொலைபேசி உதவிக்கு வருகிறது. நூறு நாள் நிலுவையைச் சிலேட்டில் எழுதப் பொழுது போதாது. தொலைபேசியிலுள்ள கணக்குப் பொறியில், தவணை மாறினால் என்ன, வட்டி மாறினால் என்ன என்று நொடியில் பார்க்கலாம். ஆனால், விடையை முன்பே மதிப்பிட்டுச் சொன்ன பிறகே பொத்தானைத் தொடவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். இல்லாவிட்டால், 500-க்குப் பதில் 5,000 என்று ஒரு சைபர் கூடிப்போனாலும் கண்ணில் படாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் கேட்பவன் மோசக்காரன், அந்த எண் பணம் அனுப்புவதற்கே உரியது என்பதும் கணக்கு வகுப்பின் பாடந்தான்.

2022 முதல் 2027 வரைக்கென்று மத்திய சர்க்கார் 1,037.90 கோடி ரூபாயில் வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் பண விவகார அறிவும் மின்னணு அறிவும் இடம் பெற்றிருக்கின்றன. 2023-ல் அதற்கென 'உல்லாஸ்' என்ற கைபேசிச் செயலியும் வந்தது. நல்லதே. ஆனால் தேர்வில் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் 50 மதிப்பெண் வீதம் வைத்து, எண்ணைப் பார்த்தெழுதச் செய்வதோடு தொண்டர்கள் திருப்தியடைந்தால் பயன் சொற்பமே.

கீழச்சிவல்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வகுப்பு நடத்த முன்வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சிட்ட புத்தகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருபவர்கள் தத்தம் தண்டல் அட்டையையும் நகைக்கடன் ரசீதையும் சுய உதவிக் குழுவின் பதிவேட்டையும் கொண்டு வரட்டும்; அவற்றை நடுவில் வைத்துப் பாடத்தைத் தொடங்கலாம். கடன் கொடுத்தவர்களில் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். அதற்கு நாம் பொறுப்பாளிகள் அல்லர்.