கண்ணாடி அலமாரியில் ஒரு மரணம்

"நாள் ஆக ஆகத்தான் சாமி, இதற்கு மதிப்பு." திருவந்திபுரத்தில், கெடிலக் கரையை ஒட்டிய ஓர் இல்லத்தின் பெரியவர் என்னிடம் பலமுறை சொன்ன சொல் இது. பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட புதுச்சேரிக் குடும்பமொன்றில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள், 1996ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த திராட்சை இரசப் புட்டியைத்தான் அவ்வாறு குறிப்பிடுவார். பர்கண்டிப் பகுதியின் ழெவ்ரே-ஷாம்பெர்த்தேன் என்னும் கிராமத்தின் பெயரும், 1990 என்னும் அறுவடை ஆண்டும் அதன்மேல் பொறிக்கப்பட்டிருந்தன. முதல் நற்கருணைப் படங்களுக்கும் மாதா சுரூபத்துக்கும் நடுவே, மேற்கு வெயில் படும் கண்ணாடி அலமாரியில், அது நிமிர்ந்து நின்றது.

சென்ற ஆண்டு பெரியவர் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்குப்பின் மகள் புட்டியைத் திறந்தார். தக்கை பொடிந்து உதிர்ந்தது. உள்ளே இருந்தது, வெந்த பேரீச்சையின் வாடையும் காடியின் புளிப்பும் கலந்த பழுப்பு நீர். ஒரு வாய் அருந்திய மகள், "அப்பா இதைத் தொட்டுக்கூடப் பார்க்கலையே" என்று மட்டும் சொன்னார்.

இது அந்த ஒரு வீட்டின் கதையாக இருந்திருந்தால் நான் எழுதப் புகுந்திரேன். கடலூர் முதல் புதுச்சேரி வரை எத்தனை அலமாரிகளில் இத்தகைய புட்டிகளைக் காண்கிறேன்! பழையது எதுவாயினும் சிறந்தது என்பது நம்மவரிடையே வேரோடிய மூடநம்பிக்கை. பழைய அரிசி சோற்றுக்கு நல்லது என்பதற்காகப் பத்தாண்டு கடந்த அரிசியை எவரேனும் உலையில் இடுவரோ?

உண்மை யாதெனில், உலகில் வடிக்கப்படும் திராட்சை இரசத்தில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் அருந்துவதற்கென்றே வடிக்கப்படுவது. முதிரும் ஆற்றல் மிகச் சிலவற்றுக்கே உண்டு. பினோ நுவார் என்னும் திராட்சையிலிருந்து வரும் சிறந்த பர்கண்டிச் செவ்விரசம் அவற்றுள் ஒன்று. அதற்கும் இருட்டு வேண்டும். ஏறத்தாழ 12 பாகைக் குளிர்ச்சி வேண்டும். தக்கை உலராதிருக்கப் புட்டி படுத்துக் கிடக்க வேண்டும். கத்திரி வெயிலில் 38 பாகையைத் தாண்டும் நம் ஊரில், கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வைத்தால் முதிர்வது ஏது? வேகும், அவ்வளவுதான்.

முறையாக முதிர்ந்ததை நான் ஒரே ஒரு முறை சுவைத்திருக்கிறேன். 2006 கோடையில் பர்கண்டியின் பங்கு ஒன்றில் விடுமுறைப் பணியாற்றியபோது, ஓர் இல்லத்தார் தம் நிலவறையிலிருந்து 1985ஆம் ஆண்டுப் புட்டி ஒன்றைக் கொணர்ந்தனர். இளமையில் ஊதா கலந்த சிவப்பாக இருந்திருக்க வேண்டியது, கிண்ணத்தின் விளிம்பில் செங்கல் நிறமாய் வெளிறியிருந்தது. பழத்தோலின் நிறமும் துவர்ப்பும் ஆண்டாண்டாக ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, வண்டலாய் அடியில் படிந்துவிடுகின்றன. அதனால்தான் நிறம் மெலிகிறது, துவர்ப்பு தணிகிறது. முதலில் மழை நனைத்த சருகும் காளானும் மணந்தன. கால் மணி நேரம் கழித்து வாடிய ரோசா இதழும் உலர்ந்த செர்ரிப் பழமும் எழுந்தன. கடுக்காயை நினைவூட்டும் துவர்ப்பின் நிழல் மட்டும் நாவில் தங்கியது. ஒரு மணி நேரம் ஆவதற்குள் மணம் ஒவ்வொன்றாய் விடைபெற்றது. "இன்னும் ஐந்து ஆண்டு காத்திருந்தால் இதுவும் இராது" என்றார் வீட்டுக்காரர். அன்று வந்த விருந்தினனுக்காக அவர் அதனைத் திறந்தார் என்பதை நான் மறக்கவில்லை.

வயதை வணங்குவோரை ஏய்ப்பதும் எளிது. 2008இல் நியூயார்க்கில் 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளைத் தாங்கிய க்ளோ சேன் தெனி புட்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் பெயர் பொறிக்கப்பட்டிருந்த பொன்சோ குடும்பம் அந்த இரசத்தை வடிக்கத் தொடங்கியதே 1982இல்தான்! லொரான் பொன்சோ நேரில் சென்று ஏலத்தை நிறுத்தச் செய்தார். அவற்றை அனுப்பிய ரூடி குர்னியவான் போலி இரசம் விற்ற குற்றத்துக்காக 2014இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கோடிகளைக் கொட்டிய செல்வந்தர் வாங்கியது இரசத்தையா, ஆண்டு எண்ணையா?

மறைநூல் அறிந்த அன்பர்கள் உடனே லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைக் காட்டுவர். பழையதைக் குடித்தவர் புதியதை விரும்பார் என்று ஆண்டவர் கூறியது பழமைக்கு அளித்த பாராட்டா, புதியதை ஏற்க மறுத்தோரைப் பற்றிய ஆதங்கமா? நான் பின்னதையே சொல்வேன். கானாவூரில் பந்தி மேற்பார்வையாளரை வியக்கவைத்த இரசத்துக்கு வயது ஒரு நாழிகைகூட ஆகவில்லை. திருச்சபைச் சட்டமும் 924ஆம் எண்ணில் திருப்பலிக்குரிய இரசம் கெடாததாய் இருக்க வேண்டும் என்கிறதேயன்றி, பழையதாய் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

டாஸ்மாக் கடைகளால் குடும்பங்கள் சீரழியும் நாட்டில் ஒரு குரு இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடியை நான் வெறுக்கிறேன். அதனால் இறந்தோரை என் கையாலேயே அடக்கம் செய்திருக்கிறேன். அருந்த விருப்பமில்லாதவர் அருந்த வேண்டாம், வேறொருவருக்குக் கொடுத்துவிடட்டும். அன்போடு வந்த கொடையைப் பூட்டிவைத்துப் பெருமை பேசுவதைத்தான் என்னால் பொறுக்க இயலவில்லை.

அண்மையில் அந்தத் திருவந்திபுரத்து இல்லத்துக்குச் சென்றேன். காலிப் புட்டியைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் புதியது ஒன்று நிற்கிறது, பேரன் கொண்டுவந்ததாம். இன்றே திறந்துவிடுங்கள் என்றேன். சிரித்தார்கள்.