ஐரோப்பாவின் பீட் தட்டுப்பாடும் நம் தென்னை நார்க்கழிவும்

குழித்தட்டு நாற்று வளர்க்கும் விவசாயி ஒருவர் அண்மையில் இரண்டு பைகளை என் மேசைமீது வைத்தார். ஒன்றில் ‘கோகோபீட்’ என்று அச்சிட்டிருந்தது, மற்றொன்றில் ‘பீட் மாஸ்’. “இரண்டும் பீட்தானே சார், ஒன்றுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?” என்று கேட்டார்.

இரண்டும் பீட் அல்ல. முதல் பையில் இருப்பது மட்டையில் இருந்து நார் பிரித்தபோது உதிர்ந்த தூள். வியாபாரத்துக்காக அதற்குப் பீட் என்ற பெயரை ஒட்டிவிட்டார்கள். இரண்டாவது பையில் இருப்பது குளிர்நாட்டுச் சதுப்பில் எப்போதோ வளர்ந்து, மக்காமல் தங்கிப்போன பாசி. பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கம் நார்க்கழிவை நம்பித் தொழில் செய்வோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனெனில், உங்கள் சரக்கின் விலையை இப்போது அந்தச் சதுப்புகளும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பீட் உருவாகத் தேவை, ஆண்டு முழுவதும் வடியாத நீர். இலையும் தண்டும் நீருக்குள் விழும்போது காற்று கிடைக்காததால், அவற்றை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பாதி வேலையோடு நின்றுவிடுகின்றன. மக்குவதைவிடச் சேர்வது அதிகமாகி, ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் கனம் கூடுகிறது. ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுச் சேமிப்பை வெட்டுகிறோம். இதுவே மண்ணுக்கடியில் புதைந்து பல லட்சம் ஆண்டுகள் அழுந்தினால் பழுப்பு நிலக்கரி ஆகும். நெய்வேலியில் தோண்டுவதும் ஒரு காலத்தில் பீட்தான்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து வகை மாறும். மழைநீரை மட்டுமே நம்பிய மேட்டுச் சதுப்பில் சத்து மிகக் குறைவு. அங்கே தழைப்பது ஸ்பேக்னம் பாசி. அதன் வெற்றுச் செல்கள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். நீரில் உள்ள கால்சியம் போன்றவற்றை இழுத்துக்கொண்டு பதிலுக்கு அமிலத்தை வெளிவிடும். அதனால் இந்தப் பீட்டின் கார அமிலத்தன்மை 4-ஐ ஒட்டியே இருக்கும். நிலத்தடி நீரும் ஓடைநீரும் வந்து சேரும் தாழ்வான சதுப்பில் கோரையும் நாணலும் வளரும். அந்தப் பீட் கறுப்பாக, சத்தும் சாம்பலும் கூடுதலாக, அமிலம் குறைவாக இருக்கும். வெப்ப மண்டலத்தில் பாசிக்குப் பதில் மரமே பீட்டாகிறது. சுமத்ரா, போர்னியோ சதுப்புக் காடுகளில் வேரும் கிளையும் அப்படியே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

நமக்குப் பக்கத்திலும் உண்டு. நீலகிரியில் மலை மடிப்புகளில் நீர் தேங்கும் இடங்களில் பீட் படிந்திருக்கிறது. சாண்டிநல்லா படிவை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளில் தென்னிந்தியப் பருவநிலை எப்படி மாறியது என்று 1993-இல் நம் விஞ்ஞானிகள் எழுதினார்கள். கேரளத்தின் குட்டநாட்டில் ‘கரி’ என்று அழைக்கும் கறுப்பு நெல் வயல்களும் இந்த இனமே. காய்ந்தால் அங்கே அமிலம் ஏறி, இரும்பு நச்சு பயிரைத் தாக்கும் என்பது அங்குள்ள விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்.

நீர் வடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவைவிடக் கசப்பான பாடம் இல்லை. 1990-களின் நடுவில் மத்திய காளிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் காட்டை நெல் வயலாக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டினார்கள். கால்வாய் நீரைக் கொண்டுவரவில்லை, இருந்த நீரையும் வடித்துவிட்டது. நெல் விளையவில்லை. 1997 வறட்சியில் காய்ந்த பீட் தீப்பிடித்து, மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் புகைந்தது. பீட் நிலம் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே. ஆனால், அதில் அடங்கிய கார்பன் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாவற்றிலும் உள்ளதைவிட அதிகம். ஐரோப்பா இப்போது பீட் வெட்டுவதைக் கைவிடப் பார்ப்பதற்கு இதுவே காரணம்.

பார்க்கிறது என்றுதான் சொல்கிறேன், கைவிட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அயர்லாந்தில் 2019-ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அரசு நிறுவனமான போர்ட் நா மோனா 2021-இல் பீட் வெட்டுவதை முறைப்படி நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நாட்டுத் தோட்டக்கலைக்காக லாட்வியாவிலிருந்து 3,600 டன் பீட் கப்பலில் வந்து இறங்கியது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குப் பீட் விற்பதை 2024-ஆம் ஆண்டிலிருந்து தடைசெய்வதாக 2022-இல் அறிவித்தார்கள். சொன்ன காலத்தில் சட்டம் வரவில்லை. “ஐரோப்பாவில் பீட்டுக்குத் தடை, இனி நார்க்கழிவுக்குப் பொன்விலை” என்று யாராவது சொல்லி, நீங்கள் கடன் வாங்கிக் கழுவுகளம் போட நினைத்தால், இந்த இரண்டு செய்திகளையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பீட்டுக்கு நம் தூள் மாற்று என்பதும் முக்கியம். சுவீடன் நாட்டு வான் போஸ்ட் வகுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரமான பீட்டை உள்ளங்கையில் வைத்துப் பிழிய வேண்டும். தெளிந்த நீர் வந்தால் முதல் படி, மக்கவே இல்லை. கலங்கிய பழுப்பு நீர் வந்தால் நடுப்படி. கையில் ஒன்றும் தங்காமல் எல்லாமே விரலிடுக்கில் சேறாக வழிந்தால் பத்தாம் படி. மேலடுக்கில் கிடைக்கும் மக்காத, காற்றோட்டமுள்ள வெளிர் பீட்டின் இடத்தை நார்க்கழிவு நன்றாகவே நிரப்பும். குழித்தட்டு, தொட்டிச்செடி, பைகளில் வளர்க்கும் தக்காளி எல்லாம் அந்த வகை. அடியிலிருந்து ஈரமாக வெட்டும் கறுப்பு பீட்டை, காளான் படுக்கையின் மேல்மூட்டுக்கும், அழுத்திக் கட்டியாக்கும் நாற்றுகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். அங்கே தேவை கனமும் ஒட்டும் தன்மையும். நம் தூளில் அவை இல்லை.

மேட்டுச் சதுப்புப் பீட்டில் உப்பு கிடையாது, சுண்ணாம்பு சேர்த்தால் போதும். நார்க்கழிவில் அமிலம் பிரச்சினையல்ல, உப்புதான் பிரச்சினை. பொட்டாசியம், சோடியம், குளோரைடு மூன்றும் அதிகம். ‘லோ இசி’ என்று வாங்குபவர் கேட்பது, நல்ல நீரில் அலசி மின்கடத்துத்திறனைக் குறைத்த சரக்கு. ஆனால், தூளின் துகளோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் நீரில் முழுதாகப் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலச வேண்டும். இதைச் செய்யாத கட்டியில் நாற்று விட்டால், நீங்கள் போடும் கால்சியத்தைத் தூளே பிடித்துக்கொள்ளும். நாற்று நுனி கருகும், பழி விதையின்மேல் விழும்.

அலசிய நீர் எங்கே போகிறது? விலைப்பட்டியலில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. கறுப்பாகச் சாயம் இறங்கிய அந்த உப்புநீரைத் தரையில் விட்டால், சில பருவங்களில் பக்கத்துக் கிணறு சொல்லிவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை வெள்ளைப் பிரிவிலிருந்து ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியபோது பலர் கோபப்பட்டார்கள். சிறு ஆலைகளின் சுமை எனக்கும் புரிகிறது. ஆனால், கிணற்று நீரை இழந்த தென்னந்தோப்புக்காரரின் நிலையையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். அயர்லாந்துச் சதுப்பைக் காப்பாற்ற நம் நிலத்தடி நீர் உப்பாவதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது.

கழுவுகளம் வைத்திருப்போர் தரைக்குத் தார்ப்பாய் அல்லது சிமென்ட் தளம் இட்டு, அலசிய நீரைத் தொட்டியில் சேர்த்துத் திரும்பப் பயன்படுத்துங்கள். களத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைத் தொழில் தொடங்கும் முன்பும், பிறகு ஆண்டுதோறும் கோடையிலும் பரிசோதித்து எழுதிவையுங்கள். ஏற்றுமதிக்கு ஒத்துவராத தூள் தேங்கினால், வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து அடுக்கி மக்கவைக்கலாம். கரிம–தழைச்சத்து விகிதம் 112-லிருந்து 24-க்கு இறங்கும். அந்த உரம் உங்கள் தோப்புக்கே ஆகும், கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பை கொண்டுவந்த நண்பருக்கு என் பதில்: மிளகாய், தக்காளி நாற்றுக்குப் பீட் மாஸ் தேவையே இல்லை. கோகோபீட் கட்டியை ஒரு வாளியில் ஊறவைத்து, பிழிந்த நீரின் இசியைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் காட்டினால் இன்னும் இருமுறை அலசிவிட்டு விதையுங்கள்.