பெட்டியில் உறங்கும் கருவிகள்

பரிசளிக்கும் பண்பு நம் இனத்துக்குப் புதியதன்று. ஆயின், பெறுபவருக்கு என்ன பயன் என்று எண்ணாமல் பரிசளிக்கும் பழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. சான்று வேண்டுவோர் தோ பாயோவில் உள்ள நம்மவர் வீடுகளின் சாமான் அறையைத் திறந்து பார்க்கட்டும். பல வீடுகளில் ஒரு கருவிப்பெட்டி அடியில் உறங்கிக்கொண்டிருக்கும். புதுமனை புகுவிழாவுக்கு வந்ததாக இருக்கும். தந்தையர் தினத்துக்கோ பணி ஓய்வுக்கோ வந்ததாகவும் இருக்கலாம். ‘நூறு உருப்படிகள்’ என்று அதன் மூடி முழங்கும். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை ஆணிகளும் திருகாணிகளும் எதற்கும் பொருந்தாத முனைகளுமே.

எனக்கும் ஒரு விழாவில் மாலையோடு அத்தகைய பெட்டி ஒன்று கிடைத்தது. வீட்டிற்கு வந்து ஒரு கதவுக் கீலைச் சீர்செய்ய முற்பட்டேன். மூன்றாம் திருகாணியிலேயே திருப்புளியின் முனை மழுங்கிற்று. திருகாணியின் சிலுவைப் பள்ளமும் சிதைந்தது. உடன் வந்த துளைப்பொறியோ கான்கிரீட் சுவரில் வெள்ளைத் தூளை மட்டும் உதிர்த்துவிட்டு ஓய்ந்தது. காரணம் வெளிப்படை. கான்கிரீட்டைத் துளைக்கச் சுழற்சி மட்டும் போதாது. சுழன்றவாறே இடிக்கும் ஆற்றலும், டங்ஸ்டன் கார்பைடு பதித்த முனையும் வேண்டும். அடுக்குமாடியில் வாழ்பவனுக்குக் கான்கிரீட்டைத் துளைக்காத பொறியைக் கொடுப்பது, மீனவனுக்குக் கிழிந்த வலையைக் கொடுப்பது போலாகும்.

“தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?” என்று சிலர் கேட்பர். பார்க்கத்தான் வேண்டும் என்பேன். உழமாட்டாத மாட்டைத் தந்தவன் கொடையாளி அல்லன். தன் தொழுவத்தைக் காலிசெய்தவன். இதனால் விளையும் கேடு பணக்கேடு மட்டுமன்று. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அப்பெட்டியைக் கொண்டு முதன்முதலாக ஒரு படத்தை மாட்ட முயல்கிறான் என்று கொள்வோம். முனை வழுக்குகிறது, பூச்சு பெயர்கிறது, தரையெல்லாம் தூசி. தாய் கடிந்துகொள்கிறார். “எனக்குக் கைவேலை வராது” என்று அவன் முடிவுகட்டி விடுகிறான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது பழமொழி. இங்கே கூடமே கோணல். பழி மட்டும் ஆடியவன்மேல்!

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் புளோக்கில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். கப்பல் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்றவர். அவரிடம் இருந்தவை ஏழெட்டுக் கருவிகளே. அவற்றுட் சில, 2017 சூலை 10 ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்ட சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் வாங்கியவை. ஆனால் அவர் துளையிட்ட சுவரின் கீழே ஒரு சிட்டிகைத் தூசி கிடக்காது. “தம்பி, துளை போடுறதுக்கு முன்னாடி துடைக்கிறதப் பத்தி யோசி” என்பார்.

அவருடைய உத்திகள் எளியவை. துளையிடும் இடத்தில் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுவார். முனை வழுக்காது, வண்ணம் பெயராது. அதன் கீழே பழைய நாட்காட்டித் தாளைப் பைபோல் மடித்து ஒட்டுவார். தூசி அதில் விழும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவில் துளைமுனையைச் சுற்றி நாடாவால் அடையாளமிடுவார். சிறிய ஆணியைச் சீப்பின் பற்களுக்கிடையே பிடித்து அடிப்பார், விரல் தப்பும். மரத்தில் இறங்க மறுக்கும் திருகாணியில் சவர்க்காரம் தேய்ப்பார். கீலின் துளை தளர்ந்திருந்தால் பசை தோய்த்த பற்குச்சிகளைச் செருகி, காய்ந்தபின் மட்டமாக நறுக்கித் திருகாணியை மீண்டும் இறுக்குவார். கழற்றிய திருகாணிகளை முட்டைத் தட்டில் வரிசையாக வைப்பார். இவை அனைத்துக்கும் ஆகும் செலவு ஒரு கோப்பிக் காசுகூட இராது.

இவற்றைச் சில்லறைத் தந்திரங்கள் என்று இகழ்தல் அறியாமை. சுவரைக் கெடுக்காமல் பொருளைப் பொருத்த வேண்டும் என்னும் இதே கவலையில்தான், 1911 இல் இலண்டனில் ஜான் ரோலிங்ஸ் என்பார் நாரால் ஆன சுவர்ச் செருகியைப் படைத்தார். ‘ரோல் பிளக்’ என்று நாம் இன்றும் வழங்குவது அவர் பெயரின் சாயலே. 1958 இல் செருமானியர் ஆர்தர் ஃபிஷர் அதனை நைலானில் செய்தார். தூய்மையாக வேலை செய்ய விரும்பிய மனமே புதுமைக்குத் தாய்.

இனி, தமிழாசிரியர்களாகிய நம்மிடமே வருவோம். அப்பெரியவர் அனைத்தையும் தமிழில் சொன்னார். உளி, இடுக்கி, அரம், இழைப்புளி, திருப்புளி ஆகியவை எனக்குச் சொற்களாக வரவில்லை. கையில் கனத்த பொருள்களாக வந்தன. இன்று உயர்நிலைப் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்னும் பாடம் உண்டு. அது ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. நாமோ தமிழ் வகுப்பில் ‘உழைப்பின் உயர்வு’ பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறோம். அக்கட்டுரையில் ஒரு கருவியின் பெயராவது இருக்கிறதா? ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனம் இடுகிறோம். மறுநாள் முதல் அதனைத் தொடுவதில்லை. தொழுதல் மட்டும் தொழிலாகிவிடுமா?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. தமிழகத்திலிருந்து வந்து இந்நகரைக் கட்டும் தொழிலாளர்களை நம் பிள்ளைகள் நாள்தோறும் காண்கின்றனர். கருவி பிடிப்பது அவர்கள் வேலை, நம் வேலையன்று என்னும் எண்ணம் பிஞ்சு மனத்தில் ஊறுகிறது. அதனை நாம் களைந்தோமா? மழுங்கும் திருப்புளியைப் பரிசாகக் கொடுப்பவன், தன்னை அறியாமலே அந்த எண்ணத்துக்கு நீர் வார்க்கிறான். மெய்யாகவே வேலை செய்யப் போகிறவனுக்கு எவரும் அதனைக் கொடுக்கமாட்டார் அல்லரோ?

பழுதுபார்த்தலைப் பலர் கூடிக் கற்கும் வழியை உலகம் கண்டுகொண்டது. ஆம்ஸ்டர்டாமில் 2009 இல் முதல் பழுதுபார்ப்புக் கூடம் நடந்தது. சிங்கப்பூரில் 2014 இல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ தோன்றியது. நம் தமிழ் அமைப்புகளும் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் பட்டிமன்றத்துக்கு இடையே ஒரு மேசையைப் போடலாம். தாத்தாவும் பேரனும் தமிழில் பேசியபடி ஒரு நாற்காலியைச் செப்பனிடலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். ‘சுவரில் தூசி சிந்தாமல் துளையிடுவது எப்படி?’ என்று மாணவரை எழுதச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கட்டும். வரிசை பிறழ்ந்தால் வேலை கெடும். சொல் தெளிவற்றால் துளை கோணும். சுவர் எவருக்கும் இரக்க மதிப்பெண் போடாது.

பரிசளிப்போர்க்கும் ஒரு வேண்டுகோள். நூறு உருப்படிப் பெட்டி வேண்டா. நல்ல எஃகில் செய்த ஒரே ஒரு திருப்புளியைக் கொடுங்கள். அதனோடு ஒரு மணி நேரம் உடனிருந்து, அதனைப் பிடிக்கும் முறையைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். வினை செய்வான் எண்ண வேண்டிய ஐந்தனுள் கருவியையும் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். தோ பாயோ என்னும் பெயருக்குப் பெருஞ்சதுப்பு நிலம் என்பது பொருள். அச்சதுப்பை நகராக்கியவை பெட்டியில் உறங்கிய கருவிகள் அல்ல.