அடுப்பு எங்கே இருக்கிறது?

கருத்தரங்கம் ஒன்றில் கட்டுரை வாசிக்கச் சென்னைக்குப் போயிருந்தேன். வாசிப்பு முதல்நாள் முற்பகலோடு முடிந்துவிட்டது. கிளம்பும்போதே மகள் ஒரு பட்டியலைக் கையில் திணித்திருந்தாள். மாநகரில் தவறவிடக்கூடாத பத்து பேக்கரிகள். பெரம்பலூரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குச் சென்னை என்பது கடற்கரையும் இந்தப் பத்துக் கடைகளும்தான். மீதி ஒன்றரை நாளில் ஆறு கடைகளைப் பார்த்துவிட்டேன். தமிழாசிரியன் ஒருவன் தோளில் ஜோல்னாப் பையோடு கண்ணாடிக் கதவுகளைத் தள்ளிக்கொண்டு கடை கடையாகப் புகுந்த காட்சியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

தின்றவற்றில் பெரும்பாலானவை நன்றாகவே இருந்தன. அதை மறைப்பது நியாயமன்று. அடுக்கடுக்காக உதிர்ந்த ஒரு குரோசானின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அதன் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு குடும்பமே மாலைச் சிற்றுண்டியை முடித்துவிடும் என்பது வேறு விஷயம். ஆனால் ஆறு கடைகளிலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "இதை எப்போது சுட்டீர்கள்?" நான்கில் பதில் இல்லை. "காலையில வண்டி வந்துச்சு சார்" என்றார் ஒரு பையன். வண்டி எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு பொதுச் சமையற்கூடம், அங்கே அடுப்பு, அங்கிருந்து கிளைகளுக்கு விநியோகம். புத்தகக் கடையை நாம் அச்சகம் என்று சொல்வதில்லை. அடுப்பே இல்லாத கடைக்கு மட்டும் பேக்கரி என்ற பெயர் எப்படிப் பொருந்துகிறது?

இந்தப் பட்டியல்களின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். நாற்காலி எப்படி, விளக்கு எப்படி, எந்தக் கேக்கில் எத்தனை அடுக்கு என்றெல்லாம் எழுதுகிறவர்கள் அடுப்பு எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு ரொட்டி இறங்குகிறது, இறக்குகிறவர் யார் என்ற மூன்றையும் எழுதுவதில்லை. ரொட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை அவை மூன்றும்தான் என்பது என் துணிபு.

பழைய கடைகள் இல்லாமல் இல்லை. வேப்பேரியில் ஸ்மித்ஃபீல்ட் பேக்கரி 1885ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. மெக்ரெனெட் 1903இல் தொடங்கப்பட்டது. பெயரைக் கேட்டால் யாரோ ஸ்காட்லாந்துத் துரை என்று தோன்றும், தொடங்கியவர் தமிழர். வெள்ளைக்காரனின் பண்டத்தை நம்மவர் கைப்பற்றிய கதைகளில் எனக்குப் பிடித்தது தலச்சேரிக் கதை. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுவந்த மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880இல் அங்கே ராயல் பிஸ்கட் ஃபாக்டரி தொடங்கினார். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் கொடுத்து, இதைப்போலச் செய்ய முடியுமா என்று கேட்டார். அவர் ஊற்றச் சொன்னது பிராந்தி. பாப்பு முந்திரிப்பழமும் கதலிப்பழமும் ஊறிய நாட்டுச் சாராயத்தை ஊற்றினார். துரை தின்று பார்த்துவிட்டு மேலும் கேட்டாராம். தூத்துக்குடி மக்ரூனிலும் நடந்தது இதுவே. ஐரோப்பாவில் பாதாம் இருந்த இடத்தில் இங்கே முந்திரி. மற்றபடி முட்டை வெண்கருவும் சர்க்கரையும். அந்தந்த ஊரின் பொருள் மாவுக்குள் புகுந்தபோதுதான் அந்த ஊருக்கென்று ஒரு பண்டம் பிறந்திருக்கிறது.

பண்டம் நம்முடையதாகிவிட்டது, சொல் இன்னும் ஆகவில்லை. பெயர்ப்பலகைகளில் "அடுமனை" என்று எழுதுகிறார்கள். அடுதல் என்றால் சமைத்தல்; அப்படிப் பார்த்தால் என் வீட்டுச் சமையற்கட்டும் அடுமனைதான். (அடுதலுக்குக் கொல்லுதல் என்ற பொருளும் உண்டு. சில கடைகளின் கிரீம் கேக்கை நினைத்தால் அதுவும் பொருத்தமே.) ஈழத்தில் "வெதுப்பகம்" என்கிறார்கள். வெம்மையைப் பக்குவமாகச் செலுத்துவது என்ற குறிப்பு அதில் இருப்பதால் என் வாக்கு அதற்குத்தான். ரொட்டிக்கு அவர்கள் வழங்கும் "பாண்" போர்த்துகீசியம். ரொட்டி சுடும் அடுப்பைக் குறிக்கும் "போறணை"யும் அம்மொழியிலிருந்தே வந்தது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கு, அதாவது வீரமாமுனிவர் வாழ்ந்த திருக்காவலூருக்குப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த யோசனை வரும். இத்தாலியில் 1680இல் பிறந்து, கோதுமை ரொட்டி தின்று வளர்ந்து, எங்கள் பக்கத்துச் சோற்றைத் தின்று சதுரகராதி தொகுத்தவர். தமிழ் விவிலியத்தில் ரொட்டி "அப்பம்" ஆகியிருக்கிறது. கோதுமையே விளையாத சீமையில், தெரிந்த ஒரு பண்டத்தின் பெயரைக் கொடுத்து அந்நியத்தைக் குறைத்த வேலை அது.

நமக்கு இவற்றையெல்லாம்விடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. கூவியர். பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் வருகிறவர்கள். அப்ப வாணிகர் என்று உரை சொல்லும். மாங்குடி மருதனார் மதுரையின் இரவை யாமம் யாமமாகக் காட்டிக்கொண்டு வருகையில், அடையும் மோதகமும் செய்த கூவியர் இருந்த இடத்திலேயே உறங்குவதையும் சொல்லிச் செல்கிறார். அந்தப் பகுதியை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்த உறக்கத்தைப் பற்றி நான் யோசித்ததேயில்லை.

அந்த ஆண்டு இளங்கலை மூன்றாமாண்டில் ஒரு மாணவன். முதல் பாடவேளைக்குப் பத்து நிமிடம் பிந்தி வருவான். வந்தால் கடைசி வரிசையில் தூங்குவான். இரண்டொரு முறை எழுப்பினேன், ஒருமுறை வகுப்பே சிரிக்கும்படி ஏதோ சொன்னேன். பிந்தி வந்த நாள்களிலெல்லாம் வருகைப் பதிவேட்டில் இல்லை என்று குறித்தேன். கூவியர் உறங்கும் பகுதியை நடத்திய அன்று மட்டும் அவன் விழித்திருந்தான். "ஐயா, அவங்க ஏன் வீட்டுக்குப் போகாம அங்கயே தூங்குனாங்க?" என்று கேட்டான். களைப்பு என்றேன். அவன் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அடுப்புச் சூடு எறங்கற வரைக்கும் போக முடியாதுங்கய்யா. சூட்ட வீணாக்கக் கூடாது."

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு விசாரித்தேன். பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு பேக்கரியில் இரவு வேலை. தந்தை இல்லை. அந்தக் கடையில் அப்போது விறகடுப்புதான். அவன் சொல்லித்தான் எனக்கு அதன் முறை தெரியும். சீமைக்கருவேல விறகை அடுப்பின் வயிற்றுக்குள்ளேயே எரித்து, செங்கல் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார்கள். ஒரு பிடி மாவை உள்ளே வீசுவார்கள். உடனே கருகினால் சூடு அதிகம். நிதானமாகப் பழுத்தால் சரி. அதன்பிறகு நெருப்பே கிடையாது, கல் வாங்கி வைத்திருக்கும் சூடு மட்டும்தான். முதல் சூட்டில் ரொட்டி, அடுத்து பன், சற்று இறங்கியதும் பிஸ்கட், கடைசியாக விடியற்காலையில் நேற்று விற்காத ரொட்டியைத் துண்டு போட்டு ரஸ்க். ஒரே விறகில் நான்கு பண்டம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் மாவு சொன்ன நேரத்துக்கு முன்பே பொங்கிவிடுமாம். ஈஸ்டைக் குறைத்துப் பனிக்கட்டித் தண்ணீரில் பிசைவார்களாம். உரையாசிரியர் எவரும் எனக்குச் சொல்லாத ஒரு மதுரைக்காஞ்சி உரை அது.

இவ்வளவையும் கேட்டுத் தலையாட்டிய நான் பதிவேட்டில் எதையும் மாற்றவில்லை. விதி விதிதான் என்று அன்று நினைத்தேன். அந்தப் பருவத்தில் அவனுடைய வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போயிற்று, தேர்வு எழுத முடியவில்லை, அடுத்த பருவம் அவன் வரவேயில்லை. பிந்தியது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். வேறு யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

சிற்றூர்ப் பேக்கரி உசத்தி, நகரத்துப் பேக்கரி மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்களில் மோசமான கடைகள் ஏராளம். கேக்கின் மேல் பூசும் இளஞ்சிவப்புச் சாயத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டும். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மாவட்டத்தில் பப்ஸுக்குள் இருப்பது என்னவோ வெளிமாநிலத்துப் பெரிய வெங்காயம். பாதிக் கடைகளில் பெங்களூர் ஐயங்கார் பேக்கரி என்று பலகை தொங்கும். அந்தப் பெயருக்கு மூலமானவர் ஹாசன் பக்கத்திலிருந்து போய் 1898இல் பெங்களூர்ச் சிக்பேட்டையில் கடை தொடங்கிய திருமலாச்சார். எங்கள் கடைக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அரியலூரில் சிமெண்ட் ஆலை ஆட்கள் வேலைமுறை மாறும் நேரத்துக்குத் தட்டு இறங்கும் கடை எது, பெரம்பலூரில் அரசு மருத்துவமனைக்குப் பார்க்கப் போகிறவர்கள் சூடாக ரொட்டி வாங்கும் கடை எது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நம்மிடம் ரொட்டி என்பது நெடுங்காலம் காய்ச்சல்காரருக்கான உணவு. நோயாளிக்குக் கொடுப்பதைப் பழையதாக வாங்க யாருக்கும் மனம் வராது. அந்தக் கவலை கடைக்காரரையும் ஒழுங்காக வைத்திருந்தது.

மாநகரிலும் அப்படிப்பட்ட கடைகள் நிச்சயம் உண்டு. தேடுகிற முறைதான் வேறு. கேக்கை விட்டுவிட்டு முதலில் வெறும் பன் ஒன்றை வாங்குங்கள். கிரீமும் சாக்லேட்டும் எந்தப் பிழையையும் மூடிவிடும்; பன்னுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பிட்டால் நாராகப் பிரிய வேண்டும், புளித்த நெடி அடிக்கக் கூடாது. அடுத்து ரஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். ரஸ்க் சுடுகிற கடை நேற்றைய ரொட்டியை இன்றையது என்று விற்பதற்குத் தேவையில்லாத கடை. முடிந்தால் பின்பக்கச் சந்துக்குள் நடந்து பாருங்கள். மைதா மூட்டையும் மாவு படிந்த பனியனோடு பீடி பிடிக்கும் மனிதரும் தென்பட்டால் நீங்கள் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். எத்தனை மணிக்குத் தட்டு இறங்கும் என்று அவரிடமே கேளுங்கள். வேப்பேரிப் பக்கம் இப்படி நடந்தே, பட்டியலில் இல்லாத பெயர் மங்கிய ஒரு கடையில், அன்று நான் தின்றவற்றில் ஆகச்சிறந்த தேங்காய் பன்னைத் தின்றேன்.

அந்த மாணவனைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவன் இப்போது சென்னையில் இருக்கிறான் என்று பழைய மாணவர் ஒருவர் வழியாகத் தெரியும். எண் வாங்கிக் கூப்பிட்டேன். ஊருக்குத் திரும்பும் இரவு, வேலைக்குப் போகும் வழியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு வந்தான். சற்றுப் பருத்திருந்தான், முன்னங்கையில் தட்டு சுட்ட தழும்புகள். புறநகரில் ஒரு பொதுச் சமையற்கூடத்தில் மாவுப் பிரிவுக்கு அவன்தான் பொறுப்பு. எந்த நிறுவனம் என்று கேட்டேன். சொன்னான். மகளின் பட்டியலில் நான்காவது. அந்தக் குரோசான் தின்ற கடை.

"நல்லா இருந்துச்சுங்களாய்யா?" என்றான்.

ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அவன் சிரித்தான். "இங்க யார் திங்கறாங்கன்னே தெரியாதுங்கய்யா. வண்டி போயிடும். ஒருத்தராவது சொல்லிக் கேட்டது இன்னைக்குத்தான்."

பதிவேட்டைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். அவன் அதற்குள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்து, "பாப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தான். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

மூன்று மணி சுமாருக்குப் பெரம்பலூர் நான்கு ரோட்டில் இறங்கினேன். பழைய கடையில் இப்போது விறகு கிடையாது, மின் அடுப்பு வந்துவிட்டது. கதவு பாதி இறக்கியிருந்தது, உள்ளே வெளிச்சம். யாரோ ஒரு பையன் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். எந்தக் கல்லூரி என்று கேட்டேன்.